பேச்சுத் துணைக்கு மட்டும்

அத்தியாயம் 9

போன வாரம் மடித்த துணிகளைக் கையில் ஏந்திக்கொண்டு மாமியாரின் அறைக் கதவுக்கு வெளியே மருமகள் சிலையாக நின்றாளே, இன்னும் அங்கேயே நிற்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். துணி அலமாரிக்குப் போய்விட்டது. விஷயம் அவள் புருஷன் காதுக்குப் போய்விட்டது.

புதிதாக இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டேக்கம்மாவுக்குத் தொழில், படங்களுக்குக் குரல் கொடுப்பது. திரையில் இருபது வயதுக் கதாநாயகி உதட்டை அசைப்பாள். சத்தம் ஐம்பது தாண்டிய டேக்கம்மாவின் தொண்டையிலிருந்து வரும். எந்த வசனமானாலும் ஒரே டேக்கில் முடித்துவிடுவதால் ஸ்டுடியோவில் 'ஒரே டேக்கம்மா' என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் 'ஒரே' உதிர்ந்துவிட்டது.

வசனத்தை வீட்டில் சொல்லிப் பார்ப்பது அவள் வழக்கம். அதனால் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து "உங்களை நினைக்காம ஒரு நிமிஷம்கூட இருக்க முடியல" என்று குரல் வந்தால் அந்த வீட்டில் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். குக்கர் சத்தம், தண்ணீர் மோட்டார் சத்தம், அம்மாவின் காதல் சத்தம். ஒரு வருஷமாக அவள் பல் டாக்டரோடு போனில் பேசிக்கொண்டிருந்ததை மொத்தக் குடும்பமும் இப்படித்தான் ஒத்திகை என்று நினைத்துக்கொண்டிருந்தது. மகன் ஒருநாள் கதவைத் தட்டி, அந்த 'எப்ப வருவீங்க' என்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் ஏக்கம் வேண்டும் என்று யோசனைகூடச் சொல்லிவிட்டுப் போனான். மறுமுனையில் டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

காட்டிக் கொடுத்தது ஒரே ஒரு பேச்சு. "பிரஷர் மாத்திரையை மறந்துடாதீங்க. அப்புறம் போன ஞாயித்துக்கிழமை மாதிரி பாதியிலேயே மூச்சு வாங்கும்."

எந்தக் கதாநாயகி எந்தக் கதாநாயகனிடம் இப்படிச் சொல்லியிருக்கிறாள்?

*

மகன் கல்யாண வீடியோ எடுப்பவன். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியைப் பூங்காவுக்கும் ஏரிக்கரைக்கும் கூட்டிப் போய், சினிமாப் பாட்டு மாதிரியே எடுத்துத் தருவதில் அவனுக்கு நல்ல பேர். முன்பின் தெரியாத பெண்ணையும் பையனையும் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க, மூக்கோட மூக்கு உரசுங்க" என்று கூசாமல் சொல்லுகிறவன், அன்று காலை பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு காபிக் கோப்பையோடு பேசினான்.

"யாரும்மா அது?"

மழுப்பியிருக்கலாம். அவளுக்கா மழுப்பத் தெரியாது? ஆனால் அன்று ஏனோ மனசு வரவில்லை. பல் டாக்டர் என்றாள்.

"எந்தப் பல் டாக்டர்? என் கடவாய்ப் பல்லைப் பிடுங்கினாரே, அவரா?"

"அவரேதான்."

அவன் நாக்கு, தன் பாட்டுக்கு அந்தப் பல் இருந்த இடத்தைத் தேடிப் போனது. கன்னம் லேசாகப் புடைத்துக்கொண்டதிலிருந்து டேக்கம்மாவுக்கு அது தெரிந்தது. சிரிப்பு வந்தது. சிரித்தால் வீடு இரண்டுபடும் என்று அடக்கிக்கொண்டாள்.

மீதியையும் அவளே சொல்லிவிட்டாள். டாக்டர் மனைவியை இழந்தவர். கிளினிக்குக்கு மேலே இரண்டு அறைகள் அவருக்கு இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு அங்கே போகப் போகிறாள். பதிவுத் திருமணம் அடுத்த மாதம். இதையெல்லாம் முறையாகச் சொல்ல அவர் இன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார்.

மகன் கோப்பையைத் தள்ளி வைத்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, அவள் கொஞ்சமும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னான்.

"ஒத்திகைதான்னு சொல்லும்மா. நான் நம்பிக்கிறேன்."

கோபத்தைச் சமாளிக்கலாம், பொய் சொல்லு என்று கெஞ்சுகிற பிள்ளையை என்ன செய்வது? சின்ன வயதில் ஊசி போடப் போகும்போதும் இப்படித்தான், வலிக்காது என்று சொல்லு என்று கேட்பான். அப்போதெல்லாம் அவளும் சொல்லியிருக்கிறாள்.

"சாயங்காலம் அவர் வரும்போது நீ வீட்டுல இருந்தா எனக்குச் சந்தோஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மருமகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் கண்ணில் குற்ற உணர்ச்சி இருந்தது. கூடவே வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் டேக்கம்மா அதை நின்று பார்க்கவில்லை.

*

ஸ்டுடியோவில் அன்றைக்குக் காதல் காட்சி.

நம் படங்களில் காதல் முற்றினால் மழை பிடித்துக்கொள்ள வேண்டுமே, பிடித்துக்கொண்டது. இருவரும் ஒரு பாழடைந்த பங்களாவில் ஒதுங்கினார்கள். கதாநாயகி தலை துவட்டினாள். கதாநாயகன் பார்த்தான். டேக்கம்மா இருட்டறையில் மைக்குக்கு முன்னால் நின்று, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையிலிருந்த உதட்டின் மேலேயே கண்ணை வைத்திருந்தாள்.

"வேண்டாம்... யாராவது பார்த்துடுவாங்க" என்று சிணுங்கினாள். பாழடைந்த பங்களாவில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவளும் கேட்கவில்லை, எழுதினவரும் யோசிக்கவில்லை. சிணுங்கல் முடிந்து பெருமூச்சு வந்தது. பெருமூச்சு முடிந்து முத்தம் வந்தது. முத்தச் சத்தத்துக்கு டேக்கம்மா எப்போதும் செய்கிறதையே செய்தாள். தன் புறங்கையைத் தூக்கித் தானே முத்தமிட்டுக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தாடிக்கார இயக்குநர் கட்டை விரலை உயர்த்தினார். ஒரே டேக். அவ்வளவு நேரமும் அவள் மனசு, ஞாயிற்றுக்கிழமைக்குள் பெட்டியின் அறுந்த கைப்பிடியை மாற்ற வேண்டும் என்பதில் இருந்தது.

தொல்லை அதற்குப் பிறகுதான் வந்தது. அதே படத்தில் கதாநாயகனின் அம்மாவுக்குக் குரல் கொடுக்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். ஒரே ஒரு காட்சிதான், நீங்களே கொடுத்துவிடுங்கள் என்று இயக்குநர் கேட்டார். டேக்கம்மா இதுவரை அம்மா வேஷத்துக்குப் பேசினதே இல்லை. வயசானவர்களுக்குப் பேசப் போய்விட்டால் அப்புறம் இளசுகளுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று ஒரு பயம். இன்றைக்கு அந்தப் பயம் இல்லை. சரி என்றாள்.

திரையில் ஒரு அம்மா. தலைமுடியில் பவுடர் தூவி நரை வைத்திருந்தார்கள். மகன் கேட்கிறான், அப்பா போன பிறகு நீ உனக்காக என்னம்மா செய்துகொண்டாய் என்று. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

"எனக்குன்னு என்னப்பா ஆசை? உன் முகத்தைப் பார்த்துக்கிட்டே மிச்சக் காலத்தை ஓட்டிடுவேன்."

இரண்டே வரி. டேக்கம்மா சொன்னாள். உதட்டோடு கச்சிதமாக ஒட்டியது. ஆனால் இயக்குநர் கட்டை விரலைத் தூக்கவில்லை. மறுபடி போட்டார்கள். மறுபடி சொன்னாள். இன்னொரு முறை. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு முறை. சவுண்ட் இன்ஜினீயர் தன் கருவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

இயக்குநர் கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார். "மேடம், தியாகம் வரணும். உங்களுக்குக் கிண்டல் வருது."

"இந்தம்மாவுக்கு என்ன வயசு?"

"நாற்பத்தஞ்சு வச்சுக்கலாம்."

"நாற்பத்தஞ்சு வயசுல ஒரு ஆசையும் இல்லையா?"

அவர் முழித்தார். விளங்காத பிள்ளைக்கு விளக்குகிற பொறுமையோடு, "அம்மா, மேடம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் அடங்கிவிட்டது என்பது அவர் எண்ணம்.

டேக்கம்மா ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள். நாயகியின் பெருமூச்சு அத்தனையும் அவள் தொண்டையில் செய்த பொய்தான். அதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்ட தனக்கு இந்த இரண்டு வரி ஏன் தொண்டையில் சிக்குகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்தப் பொய்யை மகன்கள் நம்புகிறார்கள். தியேட்டரில் உட்கார்ந்து கண் கலங்கி நம்பிவிட்டு, வீட்டுக்கு வந்து அவரவர் அம்மாவிடம் அதையே எதிர்பார்க்கிறார்கள். தன் பிள்ளையும் அப்படி நம்பி வளர்ந்தவன்தான்.

"எனக்கு வரல. வேற ஆளைக் கூப்பிட்டுக்குங்க" என்றாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு காட்சியைப் பாதியில் விட்டுவிட்டு அவள் ஸ்டுடியோவை விட்டு இறங்கியது அன்றைக்குத்தான். இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த படத்துக்குக் கூப்பிடுவார்களா என்பது சந்தேகம். தெரிந்தேதான் படி இறங்கினாள்.

*

ஸ்டுடியோ வாசலுக்கு வருவதற்குள் மருமகள் போன் பண்ணிவிட்டாள்.

"அத்தை, உங்க பிள்ளை இறங்கி வந்துட்டார்" என்று மூச்சு விடாமல் சொன்னாள். காலையிலிருந்து அவனிடம் பேசிப் பேசிக் கரைத்திருக்கிறாள். கடைசியில் அவன் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். அம்மா டாக்டர் வீட்டுக்குப் போகட்டும். பதிவுத் திருமணமும் நடக்கட்டும். ஆனால் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான் சொல்ல வேண்டும். டாக்டருக்கு வயதாகிவிட்டது, உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மாவும் தனியாக இருக்கிறாள். ஒருத்தருக்கொருத்தர் பேச்சுத் துணை. அவ்வளவுதான். மற்றபடி ஒன்றும் கிடையாது.

"ஒரே ஒரு தடவை அவர் கேட்கும்போது, பேச்சுத் துணைக்கு மட்டும்தான்னு சொல்லிடுங்க அத்தை. அதுக்கப்புறம் அவர் வாயே திறக்க மாட்டார். உள்ளே என்ன இருக்குன்னு யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டேக்கம்மா யோசித்துக்கொண்டே வந்தாள். பொய் சொல்வதென்றால் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். நாலு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் பிள்ளையும் தன் பக்கம், டாக்டரும் தன் பக்கம். இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் ஒரே டேக்கில் சொன்னவள்தானே?

கணவனை நினைத்தாள். அவர் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. குடி இல்லை, கை நீட்டியதில்லை. அவளுக்கு வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் போட்டார். "அந்தக் குரலை ஸ்டுடியோவுலயே கழட்டி வச்சுட்டு வா." ஊரே கேட்கிற குரல் அவருக்கு அசிங்கமாக இருந்தது. அதனால் இருட்டில் எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. முடிந்ததும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தக் கல்யாணத்தில் ஒரு பிள்ளை பிறந்தான். ஒரு முத்தமாவது நடந்ததா என்று யோசித்தால் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. பெண்ணுக்கு அதில் சந்தோஷம் என்று ஒன்று இருப்பதாகப் படங்களில் பேசுகிறோமே, அதுவும் ஷூட்டிங்கில் குழாய் வைத்து விடுகிற மழை மாதிரிதான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

பிறகு முன்பல் ஒன்று விளிம்பில் உடைந்தது. 'ச' வரும்போதெல்லாம் விசில் அடித்தது. வீட்டில் யாருக்கும் கேட்காது, மைக்குக்குக் கேட்கும். அழாத குறையாக டாக்டரிடம் போனாள். அவர் சினிமாவே பார்க்காதவர். ஊருக்கே தெரிந்த அந்தக் குரல் அவருக்கு மட்டும் தெரியாது. பல்லுக்கு உறை போட்டு, தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தார். ஒவ்வொரு முறையும் "சாயங்காலம் சந்திக்கலாமா" என்று சொல்லிக் காட்டச் சொன்னார். இரண்டு 'ச' வருகிற வாக்கியமாம். அவளும் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். விசில் நின்றுபோன அன்றைக்கு அவர் கருவிகளைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "சந்திக்கலாமே" என்றார்.

மாடி அறைக்கு முதன்முதலாகப் போன ஞாயிற்றுக்கிழமையை நினைத்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு ஒரே பயம். பயத்தில், பழக்க தோஷத்தில், இருபது வயசுக் குரல் வந்துவிட்டது. "என்னை மறந்துட மாட்டீங்களே" என்று சிணுங்கிவிட்டாள். டாக்டர் எழுந்து உட்கார்ந்து, அறையைச் சுற்றிப் பார்த்து, "வேற யாரோ வந்திருக்காங்க போல" என்றார். இருவருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. என்ன பேசுவதென்று எழுதிக் கொடுக்க அங்கே யாரும் இல்லை. பேசாமல் கிடந்த தன்னை ஒரு மனிதர் அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு பிரியமாகத் தொட முடியும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். துக்கத்தில் இல்லை. இத்தனை வருஷம் இதைத் தெரியாமலே இதைப் பற்றிப் பேசிச் சம்பாதித்தோமே என்று.

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது.

*

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் பழப் பை. எதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டையும் பிடித்துக்கொண்டே நின்றார். மகன் கைகளைக் கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயார் செய்து வைத்திருந்தான் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

டாக்டர்தான் முந்திக்கொண்டார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, தொழில் புத்தி. "அந்தப் பல் எடுத்த இடத்துல இப்ப வலி ஒண்ணும் இல்லையே தம்பி?"

"இல்ல டாக்டர்" என்று மகனும் பணிவாகச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் தான் சண்டை போட நின்றது நினைவுக்கு வந்தது. மருமகள் சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

மூவரும் உட்கார்ந்தார்கள். மகன் ஜாக்கிரதையாக ஆரம்பித்தான். அம்மாவின் தனிமை தனக்குப் புரிகிறது என்றான். தான் வேலை வேலை என்று ஓடுவது தப்புதான் என்றான். நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் தான் இருப்பதை அவர்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்றான். கோணல் இல்லாமல் நன்றாகவே பேசினான். டேக்கம்மாவுக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அவன் அந்த இடத்துக்கு வந்தான்.

"டாக்டருக்கு உடம்புக்கு முடியல, பார்த்துக்கப் போறாங்கன்னு சொல்லிக்கலாம். பேச்சுத் துணைக்கு மட்டும்தானே அம்மா?"

மருமகள் சமையலறை வாசற்படியில் நின்று, சொல்லிடுங்க அத்தை என்று கண்ணாலேயே கெஞ்சினாள். டாக்டர் டேக்கம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் தான் வந்து நிற்கிறோமே என்று அவருக்குத் தவிப்பு. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஆமாம் தம்பி. எங்க வயசுல வேற என்ன..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் டேக்கம்மா.

சினிமாக் குரல் இல்லை. அந்த வீட்டில் யாரும் அதிகம் கேட்டிராத குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் வயசு, எல்லாம் அதில் இருந்தது.

"அவருக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. எனக்கும் நல்லாத்தான் இருக்கு. நான் நர்ஸ் வேலைக்குப் போகல."

"அம்மா..."

"பேச்சுத் துணைக்கு எனக்கு எதுக்குடா ஆள்? காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பேசறதுதான் என் பொழப்பு. பேசாம இருக்கறதுக்குத்தான் எனக்கு ஒருத்தர் வேணும். பக்கத்துல படுத்துக்க வேணும். தொட்டுக்க வேணும். பொண்டாட்டியாத்தான் போறேன். யாரு கேட்டாலும் அதையே சொல்லு. சொல்ல முடியலேன்னா என்கிட்ட அனுப்பு."

மகன் ஆடிப்போனான். காது மடல் சிவந்துவிட்டது. "அசிங்கமா இல்லையாம்மா உனக்கு?" என்று கேட்டான். கேட்ட குரலில் கோபத்தைவிட அதிர்ச்சிதான் இருந்தது.

"உன்னைப் படிக்க வச்சது எது? உனக்குக் கேமரா வாங்கிக் கொடுத்தது எது? அத்தனை பெட்ரூம் சீன்லயும் கேட்டது என் குரல்தானே? 'எங்கம்மா வாய்ஸ்டா' ன்னு சிநேகிதன்களைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனியே. இருபது வயசுப் பொண்ணு உதட்டுல இருந்தா உனக்குப் பெருமை, என் உதட்டுல இருந்தா அசிங்கமா?"

"அது சினிமாம்மா."

"ஆமா, சினிமாதான்." டேக்கம்மா தன் வலது கையைத் தூக்கிப் புறங்கையைக் காட்டினாள். "முத்தச் சத்தத்துக்கு நான் என்ன செய்வேன்னு உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில ஸ்டுடியோவுல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துச் சிரிப்பே. இந்தக் கைக்குத்தான்டா முப்பது வருஷமா முத்தம் கொடுத்துக்கிட்டு இருந்தேன். போதும்."

அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கிற்றா என்று தெரிந்துகொள்ளும் முன் எழுந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஓங்கி அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினான். டேக்கம்மாவுக்கு அதுதான் அதிகமாக வலித்தது. வலித்தாலும் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

டாக்டர் குடையை எடுத்துக்கொண்டார். "நான் போயிட்டு இன்னொரு நாள் வரட்டுமா?"

"உட்காருங்க. காபி குடிச்சுட்டுத்தான் போகணும். ஞாயித்துக்கிழமை நான் வர்றேன், அதுல மாத்தம் இல்ல."

மருமகள்தான் காபி கொண்டுவந்தாள். டாக்டரிடம் கொடுத்தாள். மாமியாரிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல், மகன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமியாருக்கு எதிரே அவள் இப்படிக் கேட்காமல் உட்கார்ந்தது இல்லை.

டேக்கம்மா காலையிலிருந்து உள்ளே உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டாள். "நீ என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமேம்மா. அவன்கிட்ட ஏன் சொன்னே?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒத்திகைன்னு நான் எப்பவோ நம்பறதை விட்டுட்டேன் அத்தை. வசனம் எழுதறவங்க யாரும் 'இன்னிக்கு என்ன நினைச்சுட்டு இருந்தீங்க' ன்னு கேட்டுட்டு, அதுக்குப் பதில் வர்ற வரைக்கும் அவ்வளவு நேரம் சும்மா இருக்க மாட்டாங்க. அதைக் கேட்கத்தான் தினமும் உங்க கதவுகிட்ட நின்னு துணி மடிப்பேன். மடிச்சதையே உதறி மறுபடி மடிப்பேன்."

"அப்புறம் ஏன்?"

"பொறாமை" என்றாள் மருமகள்.

டாக்டர் கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, தெருப் பக்க ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார். விவரம் தெரிந்தவர்.

"உங்க மேல இல்ல அத்தை" என்று அவள் தொடர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவன் அவளைப் படகில் நிற்க வைத்து, மேலே பலூன் பறக்க விட்டு, மண்டியிட்டுக் காதல் சொன்ன வீடியோவை எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். அவளுடைய சிநேகிதிகள் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அந்தப் படகிலிருந்து இறங்கினதோடு சரி. வீட்டில் அவன் மடிக்கணினியில் அடுத்தவர்களின் காதலை வெட்டி ஒட்டிவிட்டு, அலுத்துப்போய், விளிம்பில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிடுகிறான். திட்டுவதில்லை, சண்டை இல்லை. எந்தக் குறையும் சொல்ல முடியாது.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு அத்தை" என்றாள். "உங்க வயசுல உங்களுக்கு இருக்குன்னு அவர்கிட்ட சொன்னா, நமக்கு ஏன் இல்லேன்னு ஒரு வார்த்தை கேட்பார்னு நினைச்சேன். அவர் கோபப்பட மட்டும்தான் செஞ்சார்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிற முதுகை டேக்கம்மாவுக்குத் தெரியும். அது தன்னோடு போய்விட்டது என்று நினைத்திருந்தாள். அடுத்த அறைக்கே குடி வந்திருக்கிறது. அவள் எழுந்து வந்து மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலுக்கு எத்தனையோ வசனம் அவள் வாயில் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. ஸ்டுடியோ நம்பர். அது பாட்டுக்கு அதிர்ந்து ஓய்ந்தது.

உள்ளேயிருந்து மகனின் குரல் கேட்டது. "கொஞ்சம் உள்ள வா" என்று மனைவியைக் கூப்பிட்டான்.

மருமகள் பழக்கத்தில் பாதி எழுந்தாள். பிறகு மாமியாரின் புறங்கையைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வா, பேசணும்" என்றான் அவன் மறுபடி.

"நானும்தான் பேசணும்" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னாள் மருமகள். குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "அத்தை முன்னாலதான் பேசுவேன். நீங்க வெளியில வாங்க."

உள்ளே நடமாட்டம் நின்றது. கதவின் கைப்பிடி பாதி திரும்பி, அங்கேயே நின்றது.